ஆறு முதல் பன்னிரண்டு வரை: பெங்களூர் போய் வந்த பிள்ளைகளின் கணக்கு

கேள்வி (2025 மே 11)

எங்கள் ஊர் தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம். அக்கா மகள் பிளஸ் டூவில் 497 எடுத்திருக்கிறாள். அக்காவும் மாமாவும் சென்ட்ரிங் வேலைக்குப் பெங்களூர் போயிருந்தபோது ஆறாவதும் ஏழாவதும் அங்கே அரசுப் பள்ளியில், கன்னட வழியில் படித்தாள். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை இங்கே அரசுப் பள்ளி. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரி போகும் பெண்களுக்கு அரசு மாதம் ஆயிரம் ரூபாய் தருகிற புதுமைப்பெண் பணம் அவளுக்கு வராது என்கிறார்கள். அரசுப் பள்ளிதானே படித்தாள்? இதில் ஏதாவது வழி உண்டா? இன்னொருவர், "படிப்பே இலவசம், ஆயிரம் ரூபாய் வராவிட்டால் என்ன, எல்லோருக்கும் சமமாகத்தானே கதவு திறந்திருக்கிறது" என்கிறார். அதற்கும் யாராவது பதில் சொல்லுங்கள்.

மே 12, இரவு

நான் பாலக்கோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுக் கொடுக்கிறேன். மே மாதம் முழுக்க இதே வேலை என்பதால் நேராகவே சொல்லிவிடுகிறேன். விதிப்படி கிடைக்காது. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியபோதே புதுமைப்பெண் திட்டத்தில் எழுதிய நிபந்தனை, 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது. அரசுப் பள்ளி என்று மட்டும் இருந்தால் உங்கள் அக்கா மகள் உள்ளே வந்திருப்பாள். "தமிழ்நாட்டு" என்ற சொல்லில்தான் வெளியே நிற்கிறாள். பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப்புதல்வனிலும் இதே கோடுதான். மருத்துவத்துக்கு 2020இலும் பொறியியல் போன்ற தொழில்படிப்புகளுக்கு 2021இலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும் இதே ஆறு முதல் பன்னிரண்டு. ஒரே கோடு, நான்கு கதவு.

மாதம் ஆயிரம் என்றால் மூன்று வருடப் பட்டப்படிப்புக்கு 36,000 ரூபாய். செங்கல் தூக்குகிற வீட்டில் அது சின்னத் தொகை இல்லை.

மே 13

நேற்று எழுதியதில் ஒரு தவறு, விதிவிலக்கே இல்லை என்பதுபோல் எழுதிவிட்டேன். உண்டு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கிய 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் 8 வரை படித்துவிட்டு, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால் அந்தப் பெண்ணுக்குப் புதுமைப்பெண் உண்டு. 2024 டிசம்பர் கடைசியில் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களையும் சேர்த்தார்கள். ஆக இந்தக் கோட்டை இரண்டு இடத்தில் தளர்த்தியிருக்கிறார்கள், இரண்டும் நியாயமாகத்தான். பெங்களூர் அரசுப் பள்ளிக்கு மட்டும் இன்னும் நகரவில்லை.

இதை எழுதும்போதே உறுத்துகிறது. இந்த ஊரில் ஒரு தனியார் பள்ளியில் ஏசி வேனில் போய்ப் படித்த பெண், 25 சதவீத இடம் கிடைத்த காரணத்தால் உள்ளே வருகிறாள். அவளும் ஏழை வீட்டுப் பிள்ளைதான், வரட்டும். ஆனால் சித்தாள் அம்மாவோடு தகரக் கொட்டகையில் இருந்துகொண்டு, கன்னடப் பள்ளியில் புரியாத மொழியில் உட்கார்ந்து படித்தவள் வெளியே.

மே 13, மீண்டும்

அக்கா மகளுக்கு உடனே செய்ய வேண்டியது. வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்று வாங்கி வையுங்கள். கலந்தாய்வு வழியாகப் பொறியியல் போன்ற படிப்பில் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு, நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது, குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு மட்டும்தான். இதற்கு ஆறு முதல் பன்னிரண்டு என்ற கோடு இல்லை. இ-சேவையில் போடும்போது அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, அண்ணன், அக்கா என்று எல்லோருடைய படிப்பு விவரமும் கேட்பார்கள், டி.சி. நகல்களை முன்பே எடுத்து வையுங்கள். கடைசி வாரத்தில் சர்வர் நகராது.

மே 15

"கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது" என்ற நண்பருக்கு.

கோபத்தோடு ஒரு பதில் எழுதி அழித்துவிட்டேன். கோபத்தில் எழுதினால் உங்களுக்கும் போய்ச் சேராது, எனக்கும் பயன் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

1996இல் எனக்குப் பன்னிரண்டு வயது. மூன்று வருடமாக மழை இல்லை, கேழ்வரகு முளைத்து முளைத்துக் கருகியது. அப்பா ஒரு மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிவிட்டு எங்கள் எல்லோரையும் பெங்களூர் மடிவாளா பக்கம் கூட்டிப்போனார். நான் ஏழாவது, தம்பி நான்காவது. ஆறு மாதம் பள்ளிக்கூடமே கிடையாது. கட்டுகிற கட்டடத்தின் தரைத்தளத்தில் படுக்கை, நான் தம்பியைப் பார்த்துக்கொள்வேன், தம்பி மணல் குவியலைப் பார்த்துக்கொள்வான். அப்புறம் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் எங்களைக் கன்னடப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார். ஏழாவது படித்துக்கொண்டிருந்த என்னை நான்காவதில் உட்கார வைத்தார்கள், எழுத்து தெரியாது என்பதால். தம்பியை இரண்டாவதில். இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது அத்தை கையில் காலில் விழுந்து என்னை எட்டாவதில் சேர்த்தார். தம்பிக்கு டி.சி. இல்லை என்று ஒரு பள்ளியில் சொன்னார்கள், அடுத்த வாரம் வா என்றார்கள், அதற்கடுத்த வாரமும் சொன்னார்கள். தம்பி அப்பாவோடு திரும்பவும் பஸ் ஏறிவிட்டான். இன்றைக்கு அவன் கம்பி கட்டுகிற மேஸ்திரி, நன்றாகச் சம்பாதிக்கிறான், யாரிடமும் கை நீட்டுவதில்லை. ஆனால் என் கடைக்கு வந்தால் போர்டில் இருப்பதை என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வான்.

கதவு திறந்துதான் இருந்தது. எனக்கு அத்தை இருந்தார். அவனுக்கு அந்த வாரம் யாரும் இல்லை.

மே 17

பத்தாம் வகுப்பு முடிவு நேற்று வந்தது, கடையில் நிற்க இடமில்லை. பெரிதாக எழுத நேரமில்லை. ஒரு எண் மட்டும்: 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 சதவீதம், தருமபுரி 68.54, மாநிலத்திலேயே கடைசி. கிருஷ்ணகிரி 71.46. இரண்டும் 2004 வரை ஒரே மாவட்டம். அதற்குப் பிறகு நிறையப் பள்ளிகள், கல்லூரிகள் வந்திருக்கின்றன, அதை நானே கண்ணால் பார்க்கிறேன். ஆனால் ஊரில் இல்லாத பிள்ளைக்கு ஊரில் இருக்கிற பள்ளி எப்படி உதவும்?

மே 18

"கல்லூரியில் ஆயிரம் ரூபாய்க்காகவா இவ்வளவு" என்று ஒருவர். ஆயிரத்துக்காகவும்தான். பஸ்ஸுக்குப் பெண்களுக்குக் காசில்லை, சரி. மதியச் சாப்பாடு, பரீட்சைக் கட்டணம், பதிவேடு, ஆய்வகக் கோட்டு, மாதவிடாய் நாப்கின், போன் ரீசார்ஜ், இதையெல்லாம் வீட்டில் கேட்கும்போதுதான் "போதும் படித்தது, மாப்பிள்ளை பார்த்தாச்சு" என்ற பேச்சு வரும். அந்தப் பெண்ணின் பெயரில் மாதம் ஆயிரம் வங்கிக் கணக்கில் விழுந்தால் பேச்சு கொஞ்சம் தள்ளிப்போகும். நான் பார்த்திருக்கிறேன். இந்தத் திட்டமே முன்பு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவியாக இருந்ததை மாற்றிப் படிப்புக்குத் திருப்பியதுதான். குழந்தைத் திருமணம் இன்னும் நிற்காத மாவட்டத்தில் அந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்று எங்களுக்குத் தெரியும். அதனால்தான் விடுபட்டவர்களைப் பார்த்தால் வலிக்கிறது.

மே 24

இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்தும் யோசித்துப் பார்த்தேன். இந்த ஆறு முதல் பன்னிரண்டு கோட்டைப் போட்டவர்கள் கல்நெஞ்சுக்காரர்கள் இல்லை. கோடு இல்லாவிட்டால் என்ன ஆகும்? பத்து வரை பெரிய தனியார் பள்ளியில் படித்துவிட்டு, பதினொன்றாவதுக்கு மட்டும் அரசுப் பள்ளியில் பெயரைப் போட்டுவிட்டு 7.5 சதவீதத்தில் மருத்துவ இடத்தைக் கேட்பார்கள். நம் பக்கத்திலேயே தங்கிப் படிக்கிற தனியார் பள்ளிகள் எவ்வளவு என்று தெரியும், பதினொன்றாவது பாடத்தை நடத்தாமலே பன்னிரண்டாவதுக்குத் தாவிய காலமும் தெரியும், அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். ஆகவே கோடு வேண்டும். நீதிபதி கலையரசன் ஆணையம் பத்து சதவீதம் பரிந்துரைத்து, அது 7.5 ஆகி, சட்டமாகி வந்த இடம் அது. அதைத் திருடவிடக் கூடாது.

ஆனால் அந்தக் கோடு யாரைத் தடுக்கப் போடப்பட்டதோ அவர் வேறு. பெங்களூர் போன பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தாள்? அதுவும் அரசுப் பள்ளி. வசதிக்காகப் போகவில்லை, மழை இல்லாமல் போனாள்.

மே 24, இரவு 11 மணி

தூக்கம் வரவில்லை. இன்னொன்று. "ஏமாற்றுவார்கள், வெளி மாநிலச் சான்றை எப்படிச் சரிபார்ப்பது" என்று ஒரு ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. நாட்டில் உள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் பதினோரு இலக்க யு-டைஸ் எண் இருக்கிறது. 33 என்று தொடங்கினால் தமிழ்நாடு, 29 என்று தொடங்கினால் கர்நாடகம். அந்த எண்ணைத் தட்டினால் பள்ளி அரசுப் பள்ளியா தனியாரா என்று வந்துவிடும். நம் பிள்ளைகளுக்கு எமிஸ் எண் இருப்பதுபோல் அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் சாட்ஸ் எண் இருக்கிறது. என் கடையில் இதைப் பார்க்க டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். அரசு அலுவலகத்தில் கொஞ்சம் கூட ஆகலாம், முடியாத காரியம் இல்லை.

ஜூன் 3

பள்ளி திறந்து ஒரு நாள். காலை ஏழரைக்கே ஒரு அம்மா வந்துவிட்டார், பெங்களூர் பக்கம் சர்ஜாபுரத்திலிருந்து ராத்திரி வண்டியில் வந்தாராம். பையன் பன்னிரண்டு வயது. கையில் லேமினேட் செய்த கன்னட டி.சி., ஓரத்தில் தண்ணீர் புகுந்து மை பரவியிருக்கிறது. எந்த வகுப்பு என்று எழுதிய இடம்தான் பரவியிருக்கிறது. ஸ்கேனரில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன், எனக்கு அந்தக் கன்னடம் பாதி மறந்துவிட்டது. பையன் கிட்டே வந்து திரையில் விரல் வைத்து, "ஏளனே தரகதி" என்று படித்தான். ஏழாம் வகுப்பு. தன் சான்றிதழைத் தானே படித்துக் காட்டுகிற பையனைப் பக்கத்தில் ஒரு பள்ளியில் "தமிழ் தெரியாது, ஐந்தாவதில் போடலாம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று இதைப் படிக்கிற எல்லோரும் ஒரு முறை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009. ஐந்தாவது பிரிவு: ஒரு பிள்ளை மாநிலத்துக்குள்ளேயோ வெளி மாநிலத்துக்கோ பள்ளி மாற உரிமை உண்டு. பழைய பள்ளித் தலைமையாசிரியர் டி.சி.யை உடனே கொடுக்க வேண்டும். டி.சி. வரத் தாமதம் என்று புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. நான்காவது பிரிவு: வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், பின்தங்கியிருந்தால் சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும். பதினான்காவது பிரிவு: வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்கக் கூடாது. இதெல்லாம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. எட்டாம் வகுப்பு வரைக்கும்தான், ஒன்பதுக்குப் போனால் இந்தக் கவசம் இல்லை.

என் தம்பிக்கு 1998இல் இந்தச் சட்டம் இல்லை. இந்தப் பையனுக்கு இருக்கிறது. பிரிண்ட் எடுத்து ஐந்தாவது பிரிவைப் பச்சை மையில் கோடிட்டு அம்மா கையில் கொடுத்தேன், கூடவே நானும் போனேன், கடையைப் பக்கத்து பேக்கரி அண்ணன் பார்த்துக்கொண்டார். தலைமையாசிரியர் படித்துப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை, அட்டெண்டரைக் கூப்பிட்டு ஏழாம் வகுப்புப் பதிவேட்டை எடுத்து வரச் சொன்னார்.

ஜூன் 4

அந்தப் பள்ளி எது என்று கேட்காதீர்கள், எழுத மாட்டேன். முதலில் திருப்பி அனுப்பியவர்கள் மேலும் எனக்குக் கோபம் இல்லை. ஐம்பது பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் என்று இருக்கிற வகுப்பில், தமிழ் எழுத்தே தெரியாத ஒருவனைச் சேர்த்து யார் கற்பிப்பது என்ற பயம் அது. பயம் நியாயம், பையனைத் திருப்பி அனுப்பியது நியாயமில்லை.

ஜூன் 9

மொழிக்குள் போய்விட்டோம், கொஞ்சம் அங்கேயே நிற்கலாம். பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் 2006இல் வந்தது. முதல் வகுப்பிலிருந்து படிப்படியாக ஏறி 2016இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு வந்தபோது ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கத்துத் தெலுங்கு, கன்னட வழிப் பிள்ளைகளும் கிருஷ்ணகிரி உருது வழிப் பிள்ளைகளும் தவித்ததை நினைவு வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள், நீதிமன்றம் வரை போனது. தமிழ்நாட்டில் பிறந்த பிள்ளை தமிழ் படிக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. இத்தனை வருடம் போதுமான தமிழ் ஆசிரியரைப் போடாமல் விட்டுவிட்டுக் கடைசியில் தேர்வு மட்டும் வைப்பதுதான் தப்பு. ஆசிரியரை முதலில் அனுப்ப வேண்டும்.

பெங்களூரிலிருந்து திரும்பும் பிள்ளைக்கும் அதேதான் தேவை. ஒரு வருடம், தினம் ஒரு மணி நேரம், எழுத்துத் தமிழ். பேச்சுத் தமிழ் அவனுக்கு வீட்டிலேயே இருக்கிறது. 2021 அக்டோபரில் வந்த இல்லம் தேடிக் கல்வியில் நான் தன்னார்வலராக இருந்தேன், சாயங்காலம் பதினெட்டு பிள்ளைகள், கோயில் திண்ணையில். அதில் நான்கு பேர் கொரோனாவில் பெங்களூர் வேலை நின்று திரும்பிய வீட்டுப் பிள்ளைகள். எட்டு மாதத்தில் நான்கு பேரும் பாடப்புத்தகம் படித்தார்கள். இதற்கென்று தனியாகப் பெரிய கட்டடம் எதுவும் தேவைப்படவில்லை.

ஜூன் 22

யாரோ ராஜாஜியை இழுத்திருக்கிறார்கள். இழுத்தது நல்லதுதான், அவர் ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்தவர், நம் மண்ணுக்காரர். 1953இல் அவர் முதலமைச்சராக இருந்தபோது தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்று திட்டம் போட்டார். குலக்கல்வி என்று பெயர் வாங்கி, அடுத்த வருடமே காமராஜர் வந்ததும் போய்விட்டது. 1956இல் மதிய உணவு. அது ஒரு பெரிய சண்டை, சரியான பக்கம் ஜெயித்தது.

ஆனால் சூளைகளுக்குப் போய்ப் பாருங்கள். ஜனவரியிலிருந்து மே வரை செங்கல் அறுக்கும் பருவம். அந்த ஐந்து மாதம் பிள்ளை அப்பாவின் தொழிலைப் பழகுகிறான், முழு நேரமும். சட்டம் போட்டு யாரும் அனுப்பவில்லை, முன்பணம் அனுப்புகிறது. பள்ளியில் வருகைப் பதிவில் ‘நீண்ட நாள் விடுப்பு’ என்று ஒரு வரி மட்டும் இருக்கும். காலை உணவுத் திட்டம் 2022இல் வந்தது, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் போனது. எங்கள் ஊர்ப் பள்ளியில் அதற்குப் பிறகு முதல் மணிக்கே வந்துவிடுகிறார்கள். பிள்ளையை ஆயாவிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் மட்டும் சூளைக்குப் போகிற வீடுகள் கூடியிருக்கின்றன, ஏனென்றால் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்குப் பள்ளி இருக்கிறது. ஒரு கிண்ணம் உப்புமா பிள்ளையை ஊரில் நிறுத்தும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. இதை எழுதும்போது சந்தோஷமாக இருக்கிறது, அதனால் எழுதிவிட்டேன்.

ஜூன் 23

மலை ஊர்க்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "போகிறவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள், போகவே வழியில்லாத எங்களைப் பற்றி?" மன்னித்துக்கொள்ளுங்கள். பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்குத் தேர்தல் நேரத்தில் வாக்கு இயந்திரம் கழுதை மேல் போகும் படம் எல்லாப் பேப்பரிலும் வரும், அடுத்த நாள் எல்லோரும் மறந்துவிடுவோம். அங்கே மேலே படிக்க நினைக்கிற பெண் இறங்கி வந்து விடுதியில் தங்க வேண்டும். சித்தேரியில், வத்தல்மலையில் சாதிச் சான்று இல்லாமல் உதவித்தொகை நின்றுபோன பிள்ளைகளின் விண்ணப்பம் என்னிடம் வந்திருக்கிறது. பழங்குடிச் சான்று கோட்டாட்சியர்தான் தர வேண்டும், மற்றவர்களுக்குத் தாசில்தார் அலுவலகத்தோடு முடிகிறது. ஒரு பிள்ளைக்காக ஒரு நாள் கூலி, இரண்டு பஸ், விசாரணைக்கு மறுபடியும் ஒரு நாள். பத்தாவது தேர்வுக்கு முன்னால் பள்ளியிலேயே முகாம் போட்டு எல்லோருக்கும் கொடுத்துவிட்ட வருடங்களும் உண்டு. அந்த வருடங்களில் மே மாதம் என் கடைக்கு மலையிலிருந்து யாரும் அழுதுகொண்டு வரவில்லை.

ஜூலை 6

ஐ.டி.ஐ. பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. எட்டாவது முடித்தவர்களுக்கு ஒயர்மேன், வெல்டர். பத்தாவது முடித்தவர்களுக்கு ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், இன்னும் பல. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. பத்தாவதுக்குப் பின் இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். ஓசூரில் இத்தனை தொழிற்சாலை இருக்கும்போது நம் பிள்ளைகள் கேட்டில் ஒப்பந்தக் கூலியாக நிற்பதைவிட இது நூறு மடங்கு மேல். பெண்களையும் சேருங்கள், ஐ.டி.ஐ. படித்தாலும் புதுமைப்பெண் உண்டு. ஆனால் அங்கேயும் அதே கோடு. கம்பி கட்டுகிறவரின் மகள் வெல்டிங் படிக்க வருகிறாள், ஆறாவது எங்கே படித்தாய் என்று கேட்டு அவளைத் தனியாக நிறுத்த வேண்டியிருக்கிறது.

ஜூலை 20

2025இல் தனியார் பள்ளி 25 சதவீதச் சேர்க்கை ஜூலை பாதி தாண்டியும் தொடங்கவில்லை. ஒன்றிய அரசு ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்திருந்தது, அதன் பி.எம்.ஸ்ரீ மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நான் எந்தக் கட்சியும் இல்லை. கையெழுத்துக்கும் எல்.கே.ஜி. பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று தினமும் என் கடையில் கேட்டார்கள், என்னிடம் பதில் இல்லை.

ஆகஸ்ட் 10

எட்டாம் தேதி மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது, ஓய்வுபெற்ற நீதிபதி முருகேசன் குழு தயாரித்தது. பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26 முதல் இல்லை. மே 24 அன்று நான் எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள்: அந்தத் தேர்வு எதைத் தடுக்க வந்ததோ அது திரும்பி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கு ஒரு பாரம் குறைந்தது, அதை மறுக்கவில்லை. என் மகள் பதினொன்றாவது, செய்தியைக் கேட்டுவிட்டு வீட்டைச் சுற்றி ஓடினாள்.

ஆகஸ்ட் 19

நேற்று திங்கட்கிழமை. உங்கள் அக்கா மகளும் அவளுடைய அம்மாவும் நானும், இன்னும் மூன்று வீட்டுக்காரர்களும் குறைதீர் நாளில் மனு கொடுத்தோம். கேட்டது ஒன்றே ஒன்று: 25 சதவீத இடத்தில் படித்தவர்களுக்குக் கொடுத்திருக்கிற அதே விதிவிலக்கு, வேலைக்காக வெளி மாநிலம் போன குடும்பத்துப் பிள்ளைக்கும் வேண்டும். 9 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளி, அதற்கு முன்னால் இடையில் எந்த மாநிலமானாலும் அரசுப் பள்ளி என்று யு-டைஸ் எண்ணோடு சான்று. நான்கு பிள்ளைகளின் கன்னட டி.சி. நகலையும் தமிழில் எழுதிய குறிப்பையும் இணைத்தோம். ரசீது வாங்கிக்கொண்டோம்.

அவள் தருமபுரி அரசுக் கலைக் கல்லூரியில் வேதியியல் சேர்ந்துவிட்டாள். கட்டணம் மிகக் குறைவு, பஸ் இலவசம், ஆயிரம் இல்லாமலே தொடங்கியிருக்கிறாள். சனி, ஞாயிறு என் கடையில் விண்ணப்பம் தட்டுகிறாள், அதற்குச் சம்பளம் கொடுக்கிறேன். கன்னட டி.சி. வந்தால் இப்போது நான் கண்ணைச் சுருக்க வேண்டியதில்லை, அவளே படித்துவிடுகிறாள்.

செப்டம்பர் 7

சர்ஜாபுரத்துப் பையனைப் பற்றிக் கேட்டீர்கள். பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறான், கணக்கில் வகுப்பில் முதல் ஐந்தில் இருக்கிறானாம். தமிழுக்குத் தினமும் சாயங்காலம் கடைக்கு வருகிறான், ஜெராக்ஸ் மிஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுவான். முதல் வாரம் உயிரெழுத்து வேகமாகப் பிடித்துவிட்டான். மெய்யெழுத்துக்கு வந்ததும் நின்றுவிட்டான். கன்னடத்தில் க-வுக்கு நான்கு எழுத்து உண்டு. நான் ஒன்றை எழுதிவிட்டு அடுத்து ங எழுதினேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "மீதி மூணு எங்கக்கா?" என்றான்.

ஒரே எழுத்துதான், இடத்தைப் பொறுத்து ஒலி மாறும் என்று சொன்னேன். காகம், தங்கம், பகல் என்று எழுதிக் காட்டினேன். மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான், திரும்பவும் சொன்னான், அப்புறம் தன் நோட்டில் அந்தக் க-வைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொண்டான். இப்போது ற-வுக்கு வந்திருக்கிறோம். நாளைக்கு அவனுக்குத் தமிழில் சின்னத் தேர்வு, அதனால் இன்று கடையை எட்டரை வரை திறந்து வைக்கிறேன்.